உயிரோடிருப்பவர் பக்கம்

செத்தவர்களுக்குப் பூசை வைக்கிற ஆன்மாக்களின் சனிக்கிழமைக்கு முந்தின நாள் எவந்தியாவின் வீட்டில் உட்கார இடம் கிடைக்காது. நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் போய்விடும். நடுவில் மேசை, மேசைமேல் வெள்ளைத் துணி, துணிமேல் வேகவைத்து ஆறப்போட்ட கோதுமை. மணிக்கு மணி ஒட்டாமல் உலர வேண்டும். ஈரம் தங்கினால் புளித்துப்போகும். புளித்தால் ஊர் அதையே ஒரு வருடம் பேசும். மவ்ரோலிதியில் மன்னிக்க முடியாத குற்றங்கள் இரண்டுதான். ஒன்று, செத்தவர்களுக்குப் புளித்த கோதுமை கொடுப்பது. மற்றது, உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம் நின்றது. முதல் குற்றத்தையாவது ஒரு வருடத்தில் மறந்துவிடுவார்கள்.

உலர்ந்த கோதுமையில் வறுத்த மாவு, வால்நட், திராட்சை, மாதுளை, பட்டைத்தூள் எல்லாம் கலந்து, மேலே சர்க்கரை பரப்பி, நடுவில் ஒரு மெழுகுவத்தியைக் குத்திக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பூசை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். வாங்குகிறவர் செத்தவரின் பெயரைச் சொல்லி, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். சொல்லாமல் தின்றால் அது வெறும் தின்பண்டம்.

கோதுமையோடு ஒரு சீட்டும் உண்டு. சீட்டின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் சிலுவை போட்டு இறந்தவர்கள் பெயர். வலப்பக்கம் உயிரோடிருப்பவர்கள் பெயர். பாதிரியார் இடப்பக்கத்தை ஆன்ம சாந்திக்கும் வலப்பக்கத்தை உடல் நலத்துக்கும் வாசிப்பார். ஞானஸ்நானப் பெயர் மட்டும்தான். குடும்பப் பெயர், பதவி, ஊர் எதுவும் கிடையாது. யார் என்ன என்று கடவுளுக்குத் தெரியும், அவருக்கு விலாசம் தேவையில்லை என்பது ஏற்பாடு.

எவந்தியாவின் சீட்டில் இடப்பக்கம் மூன்று பெயர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் போருக்குப் போய் அல்பேனிய மலையில் குளிரில் விறைத்துச் செத்த அப்பா நாவூம். அறுபத்தொன்றில் போன அம்மா மலாமோ. கணவன் சீக்கோஸின் அண்ணன் மெனேலாஸ். அவர் அரசாங்கப் படையில் இருந்து செத்தவர், ஜெயித்த பக்கம். ஊர்ச் சதுக்கத்தில் சலவைக்கல்லில் அவருடைய பெயரும் குடும்பப் பெயரும் பதவியும் தங்க எழுத்தில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருநாள் பேண்டு வாத்தியம்கூட வரும்.

வலப்பக்கம் முதல் பெயர் ஸ்தெர்யோஸ். அவளுடைய ஒரே அண்ணன்.

நாற்பத்தேழில், இருபது வயதில், ஸ்தெர்யோஸ் மலையேறிக் கம்யூனிஸ்ட் போராளிகளோடு சேர்ந்தான். அந்த ஊரிலிருந்து போனது அவன் ஒருவன்தான். எவந்தியாவுக்கு அப்போது பதினாலு வயது. வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அவள் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டு, "பெரிய பாதி எனக்கு, நான்தான தூரம் போறேன்" என்றான். அவள் சண்டை போட்டாள். அண்ணனோடு கடைசியாகப் பேசிய பேச்சு அந்த ரொட்டிச் சண்டைதான். இரண்டு வருடத்தில் போர் தோற்றது. மிஞ்சியவர்கள் எல்லையைத் தாண்டிப் போனார்கள். அவர்களுக்குச் சலவைக்கல் கிடையாது. அரசாங்கத் தாள்களில் அவர்களுக்குக் கொள்ளைக்காரர்கள் என்றுதான் பெயர். ஸ்தெர்யோஸ் செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை.

"பொணத்தைப் பாத்தேன்னு யாரும் வரல. வர்ற வரைக்கும் அவன் இந்தப் பக்கம்தான்" என்று அம்மா சீட்டின் வலப்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினாள். சாகிற படுக்கையிலும் அதையேதான் சொன்னாள். எவந்தியா முப்பத்தைந்து வருடமாக அப்படியே எழுதி வந்தாள்.

ஆரம்ப வருடங்களில் அது லேசான காரியமாக இல்லை. பழைய பாதிரியார் அர்கிரிஸ் உடல் நலத்துக்கு "ஸ்தெர்யோஸ்" என்று உரக்க வாசித்தபோது, பின்வரிசையில் நின்ற போலீஸ்காரர் பூசை முடிந்ததும் அவரை மடக்கினார். "கொள்ளைக்காரனுக்கு ஆயுசு கேக்குறீங்களோ சாமி?" பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டு, "இந்த ஊர்ல ஸ்தெர்யோஸ் நாலு பேரு இருக்கான். நான் எந்த ஸ்தெர்யோஸை வாசிச்சேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை உங்க மாமனாரா இருக்கலாம். அவரோட ஆயுசைக் குறைக்கணுமா?" என்றார். போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊர் அந்தக் கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறது.

எவந்தியாவுக்கு அதில் சிரிப்பு வராது. அவள் செய்த காரியம் அவளுக்குத் தெரியும். ஐம்பத்துமூன்றில் சீக்கோஸுக்குக் காட்டிலாகாவில் காவலர் வேலை வந்தது. வேலைக்கு நாட்டுப்பற்றுச் சான்றிதழ் வேண்டும். மனைவியின் அண்ணன் மலையேறியவன் என்றால் சான்றிதழ் கிடைக்காது. வழி ஒன்றுதான் இருந்தது. "ஸ்தெர்யோஸ் என்பவன் என் சகோதரன் அல்ல, அவனோடு எனக்கு எந்த உறவும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டாள். கஸ்தோரியா நகரத்துப் பத்திரிகையில் அது மூன்று வரியாக வந்தது. வேலை கிடைத்தது, அடுப்பு எரிந்தது, இரண்டு பெண்களைப் படிக்கவைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து வேறொரு போலீஸ்காரர் கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அன்றைக்குக் கண் வைத்தியரைப் பார்க்கப் போயிருந்தாள். "ஸ்தெர்யோஸ்னு உனக்கு அண்ணன் உண்டா?" என்று கேட்டார். எவந்தியா கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். சோதித்துப் பார்க்க வந்திருக்கிறார், வேலைக்கு உலை வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். "இல்ல" என்றாள். "மலாமோவுக்கு மகன்?" என்றார். "எங்க வீட்டுல ஆம்பளப் பிள்ளையே கிடையாது" என்றாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், அவள் கோதுமையைக் கையால் துழாவிப் பரப்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒருவர் வந்து நின்றார். அந்தக் குளிருக்கு வேண்டியதைவிடக் கனமான பழுப்புக் கோட்டு. வாயைத் திறந்தால் மேல்வரிசையில் மூன்று தங்கப் பல். ஒரு வருடமாக அப்படிப் பல்லோடு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நாடு விட்டுப் போனவர்கள் திரும்பலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து தாஷ்கண்டிலிருந்து மூட்டை முடிச்சோடு இறங்குகிறார்கள். ஊரில் அவர்களுக்குத் தங்கப்பல்காரர்கள் என்று பெயர் வைத்தாயிற்று.

"கோயில் சாவி உங்ககிட்டன்னு காபிக்கடையில சொன்னாங்கம்மா," என்றார் அவர். "நான் கோஸ்மாஸ். மலைக்கு அந்தப்பக்கத்து ஊரு. பாதிரியாருக்கு ஒரு சீட்டு குடுக்கணும்."

"சாமி நாளைக்குக் காலையிலதான் வருவாரு. எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க, சேத்துடறேன்."

"இல்லம்மா, எங்கையாலயே குடுக்குறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நாளைக்கே வரேன்."

அவ்வளவு தூரம் வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, செர்ரிப் பாகு ஒரு கரண்டியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவர் பாகைச் சப்பி, கண்ணை மூடி, கரண்டியைத் தண்ணீர் டம்ளரில் போட்டார்.

"யாருக்கு வாசிக்கணும்?" என்று எவந்தியா கேட்டாள். கேட்டுக்கொண்டே கோதுமைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஒரு சிநேகிதனோட குடும்பத்துக்கு. இந்த ஊருதான். பாவம், அம்மாவும் பொண்ணும். நாப்பத்தெட்டுல ப்ளேன்ல வந்து குண்டு போட்டானுங்க இல்ல, அதுல வீட்டோட எரிஞ்சு போயிட்டாங்களாம்."

"இந்த ஊர்ல அப்படி யாரும் எரியலயே. ஊரையே அதுக்கு முன்னால கஸ்தோரியாவுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. எங்களையெல்லாம் புகையிலைக் கிட்டங்கியில அடைச்சு வெச்சிருந்தாங்க. எரிஞ்சதெல்லாம் காலி வீடுங்க."

"இல்லம்மா, நிச்சயமாத் தெரியும். ஓடைக்குப் பக்கத்து வீடு. வாசல்ல ரெண்டு வால்நட் மரம்."

எவந்தியாவின் கை கோதுமையில் நின்றுவிட்டது. ஓடைக்குப் பக்கத்தில், வாசலில் இரண்டு வால்நட் மரத்தோடு இருந்தது ஒரே வீடு. அவள் பிறந்த அந்த வீடு எரிந்துபோனாலும் மரங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. தட்டில் நறுக்கி வைத்திருந்த பருப்பு அந்த மரத்துடையதுதான்.

"பேரு என்ன?" என்றாள். அவர் பதில் சொல்லுமுன் இன்னொரு தடவை கேட்டாள்.

கோஸ்மாஸ் உள்பையிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டாத குறையாக வாசித்தார். "நாவூம். மலாமோ. எவந்தியா."

அவள் அந்தத் தாளைப் பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் கோடு. இடப்பக்கம் சிலுவை, கீழே மூன்று பெயர். வலப்பக்கம் காலி. பள்ளிக்கூடத்தில் எவ்வளவு அடிவாங்கியும் திருந்தாமல், வரிக்கு மேலே ஏறி ஏறிப் போகும் அந்தக் கையெழுத்து.

"எங்க அவன்?" என்றாள். "காபிக்கடையில உக்கார வெச்சுட்டு வந்தீங்களா? எங்க நிக்கிறான்?"

"யாரும்மா?"

"ஸ்தெர்யோஸ். எங்கண்ணன். இதை எழுதினவன்." அவள் ஏற்கெனவே ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறானா? நான் போய்க் கூட்டிட்டு வரேன். தங்கச்சி வீட்டுக்கு வர என்ன கூச்சம் அவனுக்கு?"

கோஸ்மாஸ் எழுந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். 

"அப்போ நீங்க..."

"நான்தான் அந்தச் செத்துப்போன பொண்ணு."

"கடவுளே," என்றார் அவர். பிறகு மெதுவாக, "உக்காரு தங்கச்சி," என்றார். முப்பத்தேழு வருடமாக அவளை யாரும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் காதில் விழுந்த உடனேயே, அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. உயிரோடு இருக்கிறவனின் தங்கையை உட்காரச் சொல்லிவிட்டா சேதி சொல்வார்கள்.

"அவன் போய் நாலு வருஷம் ஆச்சு. நுரையீரல். எங்கையப் புடிச்சுக்கிட்டேதான் போனான்."

அப்படியானால் முப்பத்தொரு வருடம் அவன் இருந்திருக்கிறான். அம்மா சொன்னது சரி. அவள் எழுதியது சரி. கடைசி நாலு வருடம் மட்டும்தான் தப்பான பக்கத்தில் எழுதியிருக்கிறாள். எவந்தியா இதை மனசில் சொல்லிப் பார்த்தாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் அண்ணன் வந்தும் விட்டான், போயும் விட்டான். 

"விசில் அடிப்பானா?" என்று கேட்டாள்.

கோஸ்மாஸுக்கு அப்போதுதான் முகம் கொஞ்சம் இளகியது. "ரெண்டு விரலை வாய்ல வெச்சு. மில்லுல ஷிப்டு முடிஞ்சு மாடி ஏறும்போது அடிப்பான். அந்த ருஷ்யக்காரி, கீழ்வீட்டுக்காரி, தொடப்பத்தோட வெளிய வருவா. ஆடு மேய்க்கிற பழக்கம் தாயி, மன்னிச்சுக்கோன்னு நம்ம பாஷையிலயே சொல்லுவான். அவளுக்கு என்ன புரியும்? ஆனா சிரிச்சிடுவா."

"கல்யாணம்?"

"பண்ணிக்கல. எங்க வீட்டுலதான் சாப்பாடு. ரொட்டியைப் பிச்சா பெரிய பாதியை எங்கிட்ட நீட்டுவான். எதுக்குடான்னா, ஒரு தடவை பெரிய பாதியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன், அது தொண்டையிலயே நிக்குதும்பான்."

எவந்தியா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

"அவன் ஏன் எழுதல?" என்று கடைசியில் அவள் கேட்டாள். "அறுபதுலேருந்து எத்தனை பேரு அங்கேருந்து லெட்டர் போட்டாங்க. எனக்கு ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? நான் செத்துட்டேன்னு யார் சொன்னா அவனுக்கு?"

"வீடு எரிஞ்சதை மலையிலேருந்து அவனே பாத்தான். உள்ள நீங்க இருந்தீங்கன்னு யாரோ சொல்லிட்டான். ஆனா அவன் நம்பல தங்கச்சி. அதைச் சொல்லணும். அம்பத்தாறு வரைக்கும் உங்க ரெண்டு பேரையும் உயிரோட இருக்கவங்க பக்கம்தான் எழுதி வெச்சிருந்தான். அப்புறம், காணாமப் போனவங்களைத் தேடித் தர்ற சங்கம் ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டு, அதுக்கு மனு போட்டான். ஏழு மாசம் கழிச்சு பதில் வந்தது. நான்தான் பிரிச்சேன்."

"என்ன பதில்?"

"அந்த ஊர்ல விசாரிச்சாச்சு, ஸ்தெர்யோஸ்ங்கிறவனுக்கு உறவுன்னு யாரும் இல்லன்னு. அன்னைக்கு ராத்திரிதான் பேரையெல்லாம் செத்தவங்க பக்கம் மாத்தினான்."

துணிமேல் கோதுமை உலர்ந்துகொண்டிருந்தது. எவந்தியா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தாறு. அந்தப் போலீஸ்காரரின் கையில் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. நீலத்தில் ஒரு முத்திரை, வேற்றுமொழியில் ஏதோ அச்சு. அதைக்கூட அன்று அவள் பார்த்தாள். பார்த்தும், அதை வேவு பார்க்க வந்த தாள் என்றே எடுத்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் வேறெப்படியும் எடுத்துக்கொள்ள அந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. கதவைத் தட்டி அண்ணன் கேட்டிருக்கிறான், இருக்கிறாயா என்று. அவள் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

அதை அவரிடம் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பத்திரிகையில் வந்த மூன்று வரியையும் சொன்னாள். கோஸ்மாஸ் ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அவர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அங்க பாதிரியாரும் கிடையாது, கோயிலும் கிடையாது," என்றார் பிறகு. "ஆனா ஆன்மாக்கள் சனிக்கிழமை தவறினது இல்ல. என் வீட்டுக்காரி தோம்னா கோதுமை வேகவெப்பா. அடுக்களையில நின்னு சீட்டை நாங்களே வாசிச்சுக்குவோம். ஒரு தடவை கட்சிச் செயலாளர் வாசனை புடிச்சு வந்துட்டாரு. இது என்ன தோழரேன்னாரு. இனிப்புன்னேன். மூணு தட்டு சாப்பிட்டுட்டு, பாட்டியம்மா இருந்தப்ப நல்லா செய்வாங்கன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போனாரு. ஸ்தெர்யோஸும் வருஷா வருஷம் ஒரு கை வாங்கி, 'எந்தங்கச்சி எவந்தியாவைக் கடவுள் மன்னிக்கட்டும்'பான். இருபத்துநாலு வருஷம். நானும் கூடவே சொல்லிச் சொல்லி, எனக்கு நீ சொந்தக்காரி மாதிரிதான்."

போகும்போது சீட்டை அவளிடமே விட்டுவிட்டு, வாசலில் நின்று சிரிக்க முயன்றார். "செத்துட்டாங்கன்னு சேதி வந்தவங்களுக்கு ஆயுசு கெட்டிம்பாங்க. உனக்கு நூறு வயசு தங்கச்சி."

"அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது," என்றாள் எவந்தியா.

சாயங்காலம் சீக்கோஸ் வந்தார். காட்டிலாகாவிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் தினம் ஒரு நடை காட்டுக்குப் போய்விட்டு வருகிற மனிதர். அவள் தாளை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தாளைப் படித்துவிட்டு, "அந்தச் சான்றிதழ் இல்லேன்னா பட்டினிதான் கிடந்திருப்போம் எவந்தியா," என்றார்.

"தெரியும். நான் உங்களைக் கேக்கல."

"கேட்டாத் தேவல," என்றார் அவர். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசை ஓரமாக உட்கார்ந்து, மிச்சமிருந்த வால்நட்டை உடைக்க ஆரம்பித்தார். மவ்ரோலிதியில் ஆண்கள் அந்தக் கோதுமைப் பக்கமே வர மாட்டார்கள். அவள் சுத்தியலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை கோயிலில் கோதுமைத் தட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஒரு மெழுகுவத்தி. இப்போதைய பாதிரியார் லூக்காஸுக்கு இருபத்தெட்டு வயது. நல்ல பையன்தான், படித்த படிப்பு இன்னும் சூடாக இருந்தது. சீட்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டே வந்தவர், எவந்தியாவின் இரண்டாவது சீட்டில் நின்றுவிட்டார். பழுப்பேறிய தாள். இடப்பக்கம் மூன்று பெயருக்குக் கீழே நாலாவதாகப் புது மையில் ஸ்தெர்யோஸ்.

"எவந்தியாக்கா, இதுல உங்க பேரு இருக்கே. பக்கம் மாறிப் போச்சு."

"மாறல சாமி. எங்கண்ணன் எழுதினது."

"உயிரோட இருக்கவங்களுக்கு ஆன்ம சாந்தி வாசிக்கக் கூடாதுக்கா. பாவம். அபசகுனமும்கூட. இதோ, வலப்பக்கம் காலியாத்தான இருக்கு? அடிச்சுட்டு அங்க எழுதிடுங்க." அவர் அங்கியிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"அங்கேருந்து எடுத்து இங்க போட்டது நான்தான் சாமி. அவன் கேட்டப்ப நான் இல்லேன்னுட்டேன். அவன் போட்ட இடத்துலயே இருந்துக்கறேன்." பெண்கள் பக்கத்தில் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். "நானும் அவனும் ஒண்ணா ஒரே காகிதத்துல இருந்தது இதுக்கு முன்னால ஒரு தடவைதான். அது, அவன் எங்கண்ணனே இல்லேன்னு நான் சொன்னதாப் பேப்பர்ல வந்தது. இன்னொரு தடவை..." விரலால் அந்தச் சீட்டைத் தொட்டுக் காட்டினாள்.

பாதிரியார் தலையை ஆட்டினார். "என்னால முடியாதுக்கா."

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து சீக்கோஸ் வந்தார். கல்யாணத்தன்றுகூட அந்தக் கோயிலுக்குள் அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அண்ணன் பெயரைச் சலவைக்கல்லில் வைத்திருக்கிற மனிதர். அவர் நடந்து வந்தபோது வழிவிட்டார்கள்.

"சாமி," என்றார். "நம்ம கல்லறையில எத்தனை எவந்தியா கிடக்காங்கன்னு எண்ணியிருக்கீங்களா?"

"எண்ணினதில்ல."

"எனக்குத் தெரிஞ்சு மூணு. எங்க அத்தை ஒருத்தி. நீங்க எந்த எவந்தியாவை வாசிக்கிறீங்கன்னு இங்க யாருக்குத் தெரியப்போவுது?"

பின்வரிசையில் ஒரு கிழவர் களுக்கென்று சிரித்தார். பழைய போலீஸ்காரர் கதை தெரியாதவர் அங்கே பாதிரியார் ஒருவர்தான். அவர் சீக்கோஸைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பேனாவை மூடி அங்கிக்குள் போட்டுக்கொண்டார்.

பெயர்களை அவர் வேகமாகத்தான் வாசிப்பார். நூறு சீட்டு இருக்கிறது, என்ன செய்வார். மெனேலாஸ் வந்தது, வேறு யார் யாரோ வந்தார்கள். அந்தச் சீட்டு வந்தபோது மட்டும் நிதானப்பட்டார். "நாவூம். மலாமோ. எவந்தியா. ஸ்தெர்யோஸ்." எவந்தியா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் பெயரும் அவன் பெயரும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் ஒரு மூச்சு மட்டும். அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

பூசை முடிந்து வெளியே முற்றத்தில் தட்டோடு நின்றாள். ஊரார் ஒவ்வொருவராக வந்து கை நீட்டினார்கள். "ஸ்தெர்யோஸைக் கடவுள் மன்னிக்கட்டும்" என்று ரொட்டிக்கடைக்காரி முதலில் சொன்னாள். பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். முப்பத்தைந்து வருடம் சொல்லாத பெயரை, புளிக்காத கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள் என்று அவளுக்கு ஆத்திரமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

கடைசியில் கோஸ்மாஸ் வந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினார். அவள் கரண்டி நிறைய வைத்தாள்.

"ஸ்தெர்யோஸைக் கடவுள் மன்னிக்கட்டும்," என்றவர், இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் மூச்சு விடாமல், "எவந்தியாவைக் கடவுள் மன்னிக்கட்டும்," என்றும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்கதோஷம் தங்கச்சி. தப்பா எடுத்துக்காத."

எவந்தியா தட்டை மதில்மேல் வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே," என்றாள். "அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

கோஸ்மாஸ் கோதுமையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்ற கையால் தொப்பியைக் கழற்றினார்.

"எந்தங்கச்சி எவந்தியாவைக் கடவுள் மன்னிக்கட்டும்," என்றார்.